சிப்பிக்கல் கோட்டைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோவின் கேளிக்கைப் பூங்காக்களைப் பார்க்க வரும் உறவினர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாளை மிச்சம் பிடித்து, காரை வடகிழக்கே திருப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் செயிண்ட் அகஸ்டின் வந்துவிடும். 1565இல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர் இது. அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் ஐரோப்பியர் குடியேறி இன்றுவரை இடைவிடாமல் மக்கள் வாழ்ந்துவரும் ஊர்களில் இதைவிடப் பழையது கிடையாது. ஊரின் கடல் முகப்பில், பச்சைப் புல்வெளிக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டை படுத்துக் கிடக்கும். அதன் பெயர் காஸ்டில்லோ டி சான் மார்கோஸ்.

படுத்துக் கிடக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். செஞ்சியை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். குன்றும் இல்லை, வானளாவிய மதிலும் இல்லை. பீரங்கிக் காலத்துக் கோட்டை என்பதால் தாழ்ந்து, தடித்து, நான்கு மூலைகளிலும் அம்புமுனை போலக் கொத்தளங்களை நீட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் தடவை போனபோது அரை மணி நேரத்தில் சுற்றி முடித்து, “இவ்வளவுதானா?” என்று வெளியே வந்தவன் நான். இரண்டாம் தடவை அப்பாவுடன் போனேன். அவர் உள்ளே நுழைவதற்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். கோட்டையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வரிசை அவருடையது.

புறப்படும் முன்

விமானத்தில் வருகிறவர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் ஜாக்சன்வில். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரப் பயணம். கார் இல்லாமல் இந்தப் பக்கம் வருவது வீண் தொல்லை. ஆனால் ஊருக்குள் வந்தபின் கார்தான் தொல்லை. தெருக்கள் ஸ்பானியர் காலத்து அகலத்திலேயே இருக்கின்றன. கோட்டைக்கு முன்னாலேயே கட்டண வாகன நிறுத்தம் ஒன்று உண்டு. சிறியது, காலையிலேயே நிரம்பிவிடும். அதில் இடம் தேடி நான்கு சுற்று சுற்றுவதைவிட, ஊரின் பார்வையாளர் தகவல் மையத்தை ஒட்டியுள்ள பல அடுக்கு நிறுத்தத்துக்கு நேராகப் போய்விடுங்கள். அங்கிருந்து கோட்டைக்குச் சில நிமிட நடைதான்.

மாதம் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து வாட்டும். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். இடி இடிக்கும்போது மேல்தளத்தை மூடிவிடுவார்கள். ஜூலை மாதம் இரண்டு மணிக்கு, தொப்பிகூட இல்லாமல் மாமியாரை அழைத்துப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. சென்னை வெயிலைப் பார்த்தவர்கள்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். மேல்தளத்தில் நிழலே கிடையாது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை ஊர் முழுவதும் விளக்கு அலங்காரம் செய்வார்கள். பார்க்க அழகு, ஆனால் அந்த மாலைகளில் கார் நகராது. என்னைக் கேட்டால் பிப்ரவரியோ மார்ச்சோ, அதிலும் வாரநாள் காலைதான் நல்லது. பீரங்கி வெடிப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் வாரக் கடைசியைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கோட்டையைத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணியளவில் மூடுவார்கள். நன்றி நவிலும் நாளிலும் கிறிஸ்துமஸ் அன்றும் விடுமுறை. நான் கடைசியாகப் போனபோது பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 15 டாலர். அதற்குக் கீழ் இலவசம். துறையின் ஆண்டுச் சீட்டு வைத்திருப்பவர்கள் அதையே காட்டலாம். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையில் பண அட்டை இருக்கட்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: வாங்கிய டிக்கெட் ஏழு நாள்களுக்குச் செல்லும். ரசீதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இந்தக் கோட்டையில் ரசீதுக்கு ஒரு வரலாறே உண்டு. 1861 ஜனவரியில், உள்நாட்டுப் போர் மூளும் தறுவாயில், புளோரிடா மாநிலப் படையினர் கோட்டையைக் கைப்பற்ற வந்தார்கள். உள்ளே மத்திய அரசின் சார்பில் காவலுக்கு இருந்தது ஒரே ஒரு சார்ஜண்ட். சண்டை போடுவதில் பொருளில்லை என்று உணர்ந்த மனிதர், ‘கோட்டையைப் பெற்றுக்கொண்டோம் என்று ரசீது எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டாராம். கொடுத்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டார். அரசு ஊழியர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

உள்ளே போகாதீர்கள், முதலில் சுற்றுங்கள்

டிக்கெட் சாளரத்தைக் கண்டதும் வரிசையில் நின்றுவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. கோட்டையைச் சுற்றியுள்ள புல்வெளிக்குக் கட்டணமே இல்லை. முதலில் அங்கே நடங்கள். புல்வெளி தெருப்பக்கத்திலிருந்து மெல்ல மேடாகி, அகழியின் விளிம்பில் சட்டென்று முடியும். பூங்காவுக்காக யாரும் அப்படி அமைக்கவில்லை. எதிரியின் பீரங்கிக் குண்டு மதிலின் அடிப்பாகத்தை நேராகத் தாக்காதபடி மண்ணைக் கொட்டி உயர்த்திய சரிவு அது. அதில் ஏறி வருகிற படைக்கு ஒதுங்க ஒரு மரம்கூட இருந்திருக்காது. இன்று பிள்ளைகள் அதில் உருண்டு விளையாடுகிறார்கள்.

அகழியில் தண்ணீர் எங்கே என்று எல்லாரும் கேட்பார்கள். அது உலர் அகழி. முற்றுகைக் காலத்தில் ஆடு மாடுகளை ஓட்டிவந்து அடைக்கிற பட்டியாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் சில காலம் நீர் நிரப்பி வைத்திருந்தார்கள். அடித்தளம் பாதிக்கப்படுவது தெரிந்ததும் வடித்துவிட்டார்கள்.

இப்போது கடற்பக்கம் போங்கள். அலை தடுப்புச் சுவரின் ஓரமாக நின்று மதிலைப் பாருங்கள். அப்பா நகர மறுத்த இடம் இதுதான். அவர் கட்டட வேலை மேற்பார்வை பார்த்தவர். மதிலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது கல்லே இல்லைடா, கிளிஞ்சல்” என்றார்.

சரியாகத்தான் சொன்னார். இந்தக் கல்லுக்குக் கொக்கினா என்று பெயர். ஸ்பானிய மொழியில் சிறு சிப்பி என்று பொருள். விரல் நக அளவுள்ள கடற்சிப்பிகளின் ஓடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரையில் குவிந்து, அவற்றிலிருந்தே கரைந்த சுண்ணாம்பினால் ஒட்டிக்கொண்டு இறுகிய கல் இது. எதிரே தெரிகிற அனஸ்தேசியா தீவிலிருந்து வெட்டி, படகில் ஏற்றி, விரிகுடாவைக் கடந்து கொண்டுவந்தார்கள். வெட்டும்போது ஈரமாக, மென்மையாக இருக்கும், காய்ந்தால் இறுகும். கல்லை ஒட்டிய சாந்துக்குச் சிப்பி ஓடுகளைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் வீடு கட்டிப் பழகிய நமக்கு இதில் பாதி தெரிந்த சங்கதி. அப்பா அங்கேயே நின்று எனக்குச் சூளை வகுப்பு எடுத்துவிட்டார்.

ஏன் இந்தக் கல்? அதற்கு முன் ஒன்பது மரக் கோட்டைகள் இங்கே கட்டப்பட்டன. சில மக்கிப்போயின, சில எரிந்தன. 1586இல் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் வந்து ஊரையே கொளுத்தினார். 1668இல் ராபர்ட் சியர்ல் என்ற கடற்கொள்ளையர் நள்ளிரவில் புகுந்து சூறையாடினார். 1670இல் ஆங்கிலேயர்கள் வடக்கே சார்லஸ் டவுனில் குடியேறிவிட்டார்கள். இனி மரம் உதவாது என்று ஸ்பெயின் அரசி மரியானா கற்கோட்டைக்கு உத்தரவிட்டார். 1672 அக்டோபரில் பணி தொடங்கியது. பொறியாளர் இக்னாசியோ டாசா. முடிந்தது 1695இல். கல் வெட்டவும் சுமக்கவும் திமுக்குவா, குவாலே, அப்பலாச்சி பழங்குடியினரைக் கொண்டுவந்தார்கள். அவர்களோடு தண்டனைக் கைதிகளும் அடிமைகளும் பாடுபட்டார்கள். வரவேற்புப் பலகைகளில் மன்னர்களின் பெயர் பெரிதாகத் தெரியும். சுவரைப் பார்க்கும்போது அந்தக் கைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிப்பிக்கல் பீரங்கியைத் தாங்குமா என்பது கட்டியவர்களுக்கே தெரியாது. 1702இல் ஆங்கிலேயக் குடியேற்றமான கரோலினாவின் ஆளுநர் ஜேம்ஸ் மூர் படையோடு வந்து முற்றுகையிட்டபோதுதான் முதல் சோதனை. சுமார் 1,500 பேர், பெரும்பாலும் ஊர்மக்கள், கோட்டைக்குள் ஏறத்தாழ ஐம்பது நாள் அடைந்து கிடந்தார்கள். குண்டுகள் வந்து மோதின. கருங்கல்லாக இருந்தால் விரிசல் விட்டுச் சிதறியிருக்கும். இது உள்வாங்கிக்கொண்டது. சிப்பிகளுக்கு நடுவே கோடிக்கணக்கான சிறு இடைவெளிகள் இருப்பதால் குண்டு பட்ட இடம் மட்டும் நசுங்கி, அதிர்ச்சி அங்கேயே அடங்கிவிடும். களிமண்ணில் கோலிக்குண்டு புதைவது போல. கடைசியில் ஹவானாவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் வந்து சேரவே, மூர் தம் கப்பல்களைத் தாமே கொளுத்திவிட்டு நடந்தே திரும்பினார். போகிற போக்கில் ஊரை எரித்துவிட்டுப் போனார். 1740இல் ஜார்ஜியாவின் ஜேம்ஸ் ஓகில்தார்ப் அனஸ்தேசியா தீவில் பீரங்கிகளை நிறுத்தி 27 நாள் சுட்டார். அப்போதும் அதே கதைதான். கடலைப் பார்த்த மதிலில் இன்றும் குழிகள் தெரிகின்றன.

குழிக்குள் விரலை விட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். பீரங்கிக் குண்டைத் தாங்கிய கல், மனித விரலைத் தாங்காது. தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் தொட்டால் மதில் என்ன ஆகும்? சுவரில் சாய்வது, உட்காருவது, ஏறுவது எதற்கும் அனுமதி இல்லை. கட்டிய காலத்தில் இதன்மேல் வெள்ளைச் சுண்ணச் சாந்து பூசியிருந்தார்கள். மூலைக் காவற்கூண்டுகள் சிவப்பு. கடலிலிருந்து பார்த்தால் வெள்ளையும் சிவப்புமாகப் பளிச்சென்று தெரிந்திருக்கும். நாம் பார்க்கிற சாம்பல் நிறம் தோலுரிந்த கோட்டையின் நிறம்.

அதே கடற்பக்கத்தில் செங்கல் அடுப்பு போல ஒன்று தனியாக நிற்கும். 1840களில் அமெரிக்க ராணுவம் கட்டியது. இரும்புக் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி மரக்கப்பல்கள்மேல் சுடுவதற்காக. அதன்பின் இங்கே போரே நடக்காததால் அந்த அடுப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இழுபாலத்தைக் கடந்து

இப்போது டிக்கெட் வாங்குங்கள். வாசலுக்கு இரண்டு பாலங்கள். முதல் பாலம் வாசலுக்குக் காப்பாக அகழிக்குள் நிற்கும் முக்கோணக் காப்பரணுக்குப் போகும். அங்கே திரும்பி இரண்டாவதைக் கடந்தால் வாசல். நேர்வழியே இல்லை, எதிரியைத் திருப்பிவிட்டுத் திருப்பிவிட்டு அடிக்கிற ஏற்பாடு. வாசலுக்கு மேலே ஸ்பெயின் அரச முத்திரையும் 1756 என்ற ஆண்டும் பொறித்த கல் இருக்கிறது. அது கோட்டையின் திருத்த வேலைகள் முடிந்த ஆண்டு. முதலில் உள்ளறைகளுக்கு மரக் கூரை இருந்தது. பின்னாளில் அதை எடுத்துவிட்டு, கல் வளைவுக் கூரைகளை எழுப்பி, மேலே கனமான பீரங்கிகளை வைத்தார்கள்.

உள்ளே சதுர முற்றம். நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். 1702இல் ஆயிரத்து ஐந்நூறு பேர், குழந்தை குட்டிகளோடு, இந்த இடத்தில்தான் முடங்கிக் கிடந்தார்கள். கழிப்பறையும் குடிநீரும் முற்றத்தை ஒட்டியே இருக்கின்றன. தண்ணீரைத் தவிர வேறு எதையும் உண்ணவோ குடிக்கவோ உள்ளே அனுமதியில்லை. எனவே புளியோதரைப் பொட்டலத்தைக் காரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். செல்லப் பிராணிகளைக் கோட்டைக்குள் விட மாட்டார்கள். ட்ரோன் பறக்கவிடக் கூடாது. பிள்ளைகள் இருந்தால் உள்ளே வந்ததும் இளம் காவலர் கையேட்டைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கேள்விகளுக்கு விடை எழுதி முடித்தால் பதக்கம் தருவார்கள். அதற்காக ஒவ்வொரு அறையையும் நம்மைவிட உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

அறைகளில் காவலர் குடியிருப்பு, தானியக் கிடங்கு, வழிபாட்டறை ஆகியவற்றை ஒரு பார்வை பார்த்தால் போதும். வெடிமருந்துக் கிடங்குக்குக் குனிந்து நுழைய வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும், அடைசலான இடம் ஒவ்வாதவர்களும் விட்டுவிடலாம். பேய் இருப்பதாகக் கதை சொல்லி இரவில் ஊர் சுற்றிக் காட்டுகிற வியாபாரம் இங்கே அமோகம். அதற்குக் காசு செலவழிக்காதீர்கள் என்பேன். இந்த அறைகளில் உண்மையாக நடந்தவையே போதுமான கனம் உள்ளவை.

அவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள். 1821இல் புளோரிடா அமெரிக்காவின் கைக்கு வந்தபின் மரியன் கோட்டை என்று பெயர் மாற்றி, சிறையாக்கினார்கள். செமினோல் பழங்குடித் தலைவர் ஒசியோலாவை 1837இல் சமாதானப் பேச்சுக்கான வெள்ளைக் கொடியின் கீழ் வைத்துப் பிடித்து இங்கே அடைத்தார்கள். அந்த நம்பிக்கைத் துரோகம் அன்றே நாடெங்கும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. வேறு கோட்டைக்கு மாற்றப்பட்ட அவர் 1838 ஜனவரியில் இறந்தார். அவரோடு சிறையிலிருந்த கோவக்கூச்சி என்ற தலைவரும் இன்னும் பத்தொன்பது பேரும் ஒரு நவம்பர் இரவில் தப்பினார்கள். சுவரில் மிக உயரத்தில், ஒடுக்கமாக ஒரு சாளரம் இருக்கிறது. அதன் வழியாக நுழைந்து கயிற்றில் இறங்கியதாகச் சொன்னார்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு, நம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

1875 முதல் 1878 வரை மேற்குச் சமவெளிப் பழங்குடியினர் எழுபதுக்கும் மேற்பட்டோரைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவந்து இங்கே வைத்திருந்தார்கள். பொறுப்பாக இருந்த ரிச்சர்ட் பிராட் என்ற அதிகாரி அவர்களுக்கு முடிவெட்டி, ராணுவச் சீருடை மாட்டி, ஆங்கிலம் கற்பித்தார். பின்னாளில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சேர்த்த கார்லைல் உறைவிடப் பள்ளியை 1879இல் தொடங்கியவர் இவர்தான். கணக்குப் புத்தகத் தாள்களில் அந்தக் கைதிகள் தம் பழைய வாழ்க்கையை வண்ணப் பென்சிலால் வரைந்தார்கள்: குதிரைகள், வேட்டை, கூடாரங்கள். அந்தப் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதன்பின் 1886இல் அப்பாச்சி பழங்குடியினர் சுமார் ஐந்நூறு பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, இங்கே அடைக்கப்பட்டார்கள். 1702இன் கூட்டம் உயிர் பிழைக்க வந்தது. இந்தக் கூட்டத்தை வலிந்து கொண்டுவந்தார்கள்.

மேல்தளமும் பீரங்கியும்

மேல்தளத்துக்குப் படிக்கட்டு மட்டுமே. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முற்றத்தையும் பெரும்பாலான அறைகளையும் பார்க்கலாம்; மேலே போக வழியில்லை. மாமியாரை நிழலில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் முறைவைத்து ஏறினோம்.

நான்கு கொத்தளங்களுக்கும் புனிதர்களின் பெயர்: சான் பெத்ரோ, சான் அகுஸ்டின், சான் கார்லோஸ், சான் பாப்லோ. வடகிழக்கே உள்ள சான் கார்லோஸில்தான் உயரமான காவற்கோபுரம். அங்கே நின்றால் விரிகுடாவும், கடலுக்குத் திறக்கிற வாயிலும், தெற்கே சிங்கப் பாலமும், தீவில் கறுப்பு வெள்ளைச் சுருள் வரியிட்ட கலங்கரை விளக்கமும் ஒரே பார்வையில் கிடைக்கும். அதன்பின் பக்கத்துக் கொத்தளத்தைப் பாருங்கள். அங்கே நிற்பவர் உங்கள் மதிலின் அடிவரை சுடலாம், நீங்கள் அவருடையதை. மதிலடியில் எதிரி ஒளிய ஓர் அடி இடம்கூடக் கிடையாது. நட்சத்திர வடிவம் அழகுக்காக வந்ததல்ல என்பது இங்கே நின்றால்தான் விளங்கும். கொடிமரத்தில் பறப்பது இன்றைய ஸ்பெயினின் கொடியல்ல. வெள்ளையில் முடிச்சு முடிச்சான சிவப்புப் பெருக்கல் குறி. பர்கண்டிச் சிலுவை என்பார்கள்.

வாரக் கடைசிகளில் பகலில் சில முறை, ஸ்பானியப் படையுடை அணிந்த தன்னார்வலர்கள் பீரங்கி வெடித்துக் காட்டுவார்கள். நேரப் பட்டியல் வாசலிலேயே இருக்கும். ஆணைகள் முழுவதும் ஸ்பானிய மொழியில். துடைப்பது, மருந்து திணிப்பது, குத்துவது என்று பத்துப் பதினைந்து நிமிடம் நீளும். குண்டு போட மாட்டார்கள், மருந்து மட்டும்தான். “ஃபுவேகோ!” (சுடு!) என்ற குரல் கேட்டதும் காதைப் பொத்துங்கள், கைக்குழந்தை இருந்தால் அதன் காதை முதலில். மேல்தளத்தில் பக்கத்தில் நிற்பதைவிட, கீழே கடலோரச் சுவரருகே நின்றால் புகையும் நெருப்பும் சேர்ந்து தெரியும். காசும் கிடையாது.

இன்னும் நேரம் இருந்தால்

கோட்டைக்கு எதிரே பழைய நகர வாசலின் இரண்டு தூண்கள், அவையும் சிப்பிக்கல். அதற்குள் நுழைந்தால் செயிண்ட் ஜார்ஜ் தெரு, நடப்பவர்களுக்கு மட்டும். நினைவுப் பொருள் கடைகளை வேகமாகக் கடந்து போய், உணவகத்தில் டாட்டில் மிளகாய்ச் சாறு கேளுங்கள். இந்த ஊருக்கே உரிய மிளகாய். 18ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் மினோர்காத் தீவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுவருகிறார்கள். அமெரிக்காவில் உறைப்பு என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாந்தவர்களுக்கு இது ஆறுதல்.

வடக்கே சுமார் இரண்டு மைலில் ஃபோர்ட் மோசே. ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து தப்பி வருகிற அடிமைகள் கத்தோலிக்கராக மாறினால் விடுதலை என்று ஸ்பெயின் மன்னர் 1693இல் அறிவித்தார். அப்படி வந்தவர்களுக்காக 1738இல் அமைந்த ஊர் அது. 1740இல் ஓகில்தார்ப்பின் படையை அடித்து விரட்டியதில் அவர்களுக்கும் பங்குண்டு. பழைய ஊர் சதுப்பில் மறைந்துவிட்டது. சிறிய அருங்காட்சியகமும் பலகை நடைபாதையும் இருக்கின்றன. கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு இதை விடுவது, கதையின் பாதியில் எழுந்து போவதற்குச் சமம்.

தெற்கே சுமார் பதினான்கு மைலில் மட்டான்சாஸ் கோட்டை. 1740களில் கட்டிய ஒற்றைக் கோபுரம், சிறிது. நுழைவும் படகும் இலவசம். படகில் இடம் குறைவு என்பதால் காலையில் போய்விட வேண்டும்.

எங்கள் ரசீதில் இன்னும் ஐந்து நாள் மிச்சமிருந்தது. மறுநாள் காலை அனஸ்தேசியா தீவில் கல் வெட்டிய பழைய குழிகளைப் பார்க்கப் போனோம். மரங்கள் அடர்ந்த நிழலில் பள்ளங்கள். வெட்டிய சுவரில் அதே சிப்பிகள். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, “மறுபடியும் கோட்டைக்குப் போகலாமா?” என்றார். போனோம்.